சோங்-கோல் ஏரிக்குக் குதிரையில் போக நினைப்பவர்களுக்கு

கிர்கிஸ்தானின் சோங்-கோல் ஏரிக்குக் காரிலேயே போய்விடலாம், சாலை இருக்கிறது. ஆனால் கிசார்ட் கிராமத்தில் குதிரை ஏறி, புல்வெளிகள் வழியாக மலையைத் தாண்டி, கணவாயின் உச்சியில் நின்று ஏரியை முதல்முறை பார்க்கிற சுகம் காரில் கிடைக்காது. இதுவரை குதிரையே ஏறாதவர்களும் தாராளமாகப் போகலாம்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கோச்கோர் என்ற ஊருக்கு ஷேர் டாக்சி கிடைக்கும். குதிரை, வழிகாட்டி, யூர்ட் என்ற வட்டக் கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாவற்றையும் கோச்கோரிலேயே பேசி முடித்துவிடுங்கள். பணமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் சீசன். ஏரியே 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் அதற்கும் மேலே, அதனால் ஒரே நாளில் ஓடிப்போய்த் திரும்புவது வேண்டாம், வழியில் ஒரு இரவாவது தங்குங்கள்.

இனி குதிரை. இடது பக்கமிருந்து ஏறுங்கள், பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். ஏறி உட்கார்ந்ததும் முதலில் அங்கவடியை, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையத்தை, பாருங்கள். அது குட்டையாக இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பிக்கும், நீளமாக இருந்தால் கால் எட்டாமல் சேணத்தில் ஆடிக்கொண்டே போவீர்கள். கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லி, சரியாகும் வரை மாற்றச் சொல்லுங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும், முழுக் காலையும் நுழைத்தால் விழும்போது மாட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனதும் குதிரையின் வயிற்றைச் சுற்றிய சேண வாரையும் இறுக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது இறுக்கமாக இருந்தாலும் நடக்க நடக்க அது தளர்ந்துவிடும்.

கடிவாள வாரை ஒரே கையில் பிடித்து, போகவேண்டிய பக்கம் கையை நகர்த்தினால் போதும். நகர மறுத்தால் 'ச்சூ' என்று அழுத்திச் சொல்லுங்கள், அங்கே எல்லாக் குதிரைக்கும் அது புரியும். ஏற்றத்தில் முன்னே சாயுங்கள், பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டாலும் தப்பில்லை. இறக்கத்தில் லேசாகப் பின்னால் சாய்ந்து, குதிகாலைக் கீழே அழுத்தி, கடிவாள வாரைத் தளர்த்திவிடுங்கள். பாதையைக் குதிரை பார்த்துக்கொள்ளும், பயத்தில் நீங்கள் இழுத்துப் பிடிப்பதுதான் அதைத் தடுமாற வைக்கிறது. ஓடையில் இறங்கினால் குதிரையை நடுவில் நிற்க விடாதீர்கள், காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்துவிட்டால் சில குதிரைகள் அப்படியே படுத்துவிடும், சேணத்தோடும் உங்களோடும்.

உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று கண்டிப்பாக வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜீன்ஸ் தையல் தொடையை உரித்துவிடும். மழைக்கோட்டைக் கிளம்பும்போதே போட்டுவிடுங்கள். குதிரைமேல் உட்கார்ந்தபடி அதைச் சரசரவென்று விரித்தால் குதிரை மிரளும். ஜூலையிலும் இரவுக் குளிர் எலும்புவரை இறங்கும். யூர்ட்டுக்குள் சாண வறட்டி போட்டு அடுப்பு எரிப்பார்கள், விடிவதற்குள் அது அணைந்துவிடும், தலைக்குக் குல்லா வைத்துக்கொள்ளுங்கள்.

சைவமென்றால் கோச்கோரிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் பெரும்பாலும் ரொட்டி, ஜாம், கட்டிக் கிரீம், உருளைக்கிழங்குதான், ஒரு ஊறுகாய் பாக்கெட் இருந்தால் ராஜபோகம். குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலைக் கிண்ணம் நிறைய நீட்டுவார்கள். மறுக்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், மறுநாள் பல மணி நேரம் சேணத்தில் உட்கார வேண்டியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.