பரணில் கிடந்த பொம்மை எஞ்சினுக்கு டிஜிட்டல் உயிர்: முதல் தடவை செய்பவர்களுக்கான செய்முறை

எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு அந்த வருடம் பாதை திறந்தார்கள். திருநெல்வேலிப் பாதை 1981-இல் வந்தது. ஆனால் தக்கலையில் எங்கள் வீட்டுக்கு அதற்குப் பத்து வருடம் முன்பே ஒரு எஞ்சின் வந்துவிட்டது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா இங்கிலாந்தில் வாங்கி வந்த ட்ரையாங் கம்பெனியின் 'ஜிண்டி' அது. ஆறு சக்கரம், கறுப்பு உடம்பு, உள்ளங்கையில் அடங்கிவிடும். பல வருடமாகப் பரணில் கிடந்ததை எடுத்து ஓட வைத்து, டிஜிட்டலுக்கும் மாற்றினேன். அதை வைத்தே இந்தச் செய்முறையைச் சொல்கிறேன்.

பார்க்க நீராவி எஞ்சின் என்றாலும் உள்ளே இருப்பது 12 வோல்ட் டிசி மோட்டார். இந்த வகைக்கு ஓஓ அளவு என்று பெயர்: 76-இல் ஒரு பங்கு உருவம், தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

டிசி என்ற பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்ட்டைக் கூட்டினால் எஞ்சின் வேகமாகப் போகும், குறைத்தால் மெதுவாகப் போகும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அது திசை மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்பின் நீளத்திலேயே கட்டளை இருக்கிறது. அரைத் துடிப்பு 58 மைக்ரோ விநாடி என்றால் அது 1; 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் அது 0. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் டிகோடர் ஒரு கம்பெனி, கன்ட்ரோலர் வேறு கம்பெனி என்றாலும் கவலை இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். டிகோடர் வாங்க அவசரப்பட வேண்டாம். பழைய டிசியிலேயே நன்றாக ஓடாத எஞ்சின் டிஜிட்டலிலும் ஓடாது.

படி 1: கழற்றிச் சுத்தம் செய்தல்

ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் ஃபோனில் ஒரு படம் எடுங்கள். மேல் உடம்பைத் தனியாக எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவலாம். தின்னர், பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பல் சக்கரத்தில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். கடல் காற்று அடிக்கிற ஊர் நம்முடையது என்பதால் அச்சிலும் ஸ்க்ரூவிலும் துரு இருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் எடுங்கள்.

படி 2: மோட்டார்

ஜிண்டியில் இருப்பது எக்ஸ்04 என்ற திறந்த மோட்டார். அதன் முனையில் செம்பில் மூன்று துண்டாகப் பிரிந்த ஒரு சிறு வளையம் தெரியும். அதுதான் கம்யூட்டேட்டர். இரண்டு கார்பன் பிரஷ்கள் அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். என் மோட்டாரில் அந்த மூன்று துண்டுகளுக்கு இடையிலுள்ள வெட்டுகள் கார்பன் தூளால் முழுக்க அடைந்திருந்தன. அப்படி இருந்தால் மின்சாரம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே பாயும். மோட்டார் சூடாகும், இழுக்காது. இதற்கு நம் வீட்டு ஈர்க்குச்சியை விட நல்ல கருவி கிடையாது. துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவி, நுனியைச் சாய்வாகச் சீவி, வெட்டு வழியாக ஒரே போக்கில் இழுங்கள். கரி உருண்டு வெளியே வரும். செம்பைக் கீறாது. அப்புறம் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் செம்பு பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள்.

காந்தத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். இந்தப் பழைய காந்தங்கள் இரும்புச் சட்டத்தை விட்டுப் பிரிந்தால் பலம் இழந்துவிடும்.

எண்ணெய் என்றதும் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து வருபவர்கள் நம் ஊரில் உண்டு. வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெயில் ஊசி முனையைத் தொட்டு, அச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தால் போதும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படக்கூடாது.

படி 3: டிசியில் ஓட்டி அளத்தல்

தண்டவாளத்தில் வைத்து 12 வோல்ட் கொடுத்து, இரண்டு பக்கமும் கால் மணி நேரம் ஓட விடுங்கள். என் ஜிண்டி முதலில் திக்கித் திணறி, பத்தாவது சுற்றில் சீரானது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, "நிப்பாட்டாத மக்களே, ஓடட்டும்" என்றார். அன்று இரவு டிகோடர் வேலை எதுவும் நடக்கவில்லை.

பிறகு மல்ட்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வரிசையாக இணைத்து, 12 வோல்ட்டில் சக்கரத்தை ஓரிரு விநாடி பிடித்து நிறுத்தி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். டிகோடர் தாங்கும் அளவு அதற்கு மேல் இருக்க வேண்டும். என்னுடையது கிட்டத்தட்ட 1 ஆம்பியர் காட்டியது. அதனால் சின்ன எஞ்சின்தானே என்று மிகச் சிறிய டிகோடரை வாங்காமல், 1 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாகப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன்.

படி 4: மோட்டாரைத் தனியாக்குதல்

முழு வேலையிலும் முக்கியமான இடம் இதுதான். பழைய எஞ்சின்களில் ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் உலோகச் சட்டம் வழியாகவே மோட்டாரின் ஒரு பிரஷ்ஷுக்குப் போகும். டிகோடர் வைத்த பிறகு பிரஷ் இரண்டும் டிகோடரை மட்டுமே தொட வேண்டும். ஒன்று சட்டத்தைத் தொட்டாலும் டிகோடர் கருகிவிடும்.

எக்ஸ்04-இல் இரண்டு பிரஷ்ஷையும் அழுத்திப் பிடிப்பது ஒரே கம்பி ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன உறை இருக்கும். மெல்லிய ஒயரின் மேல்தோலை உருவி, அதே அளவு வெட்டி, இன்னொரு காலிலும் மாட்டுங்கள். பிரஷ் பிடித்திருக்கும் தகடு சட்டத்தைத் தொடுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, தொட்டால் வளைத்து விலக்குங்கள். டிவி இரைச்சலைத் தடுக்க வைத்த கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இனி மல்ட்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வையுங்கள். ஒரு முனை பிரஷ் தகட்டில், மறுமுனை சட்டத்திலும் இரு பக்கச் சக்கரங்களிலும். எங்கும் சத்தம் வரக்கூடாது. பிரஷ் இரண்டும் மோட்டாரின் கம்பிச் சுருள் வழியாக ஒன்றோடொன்று இணைந்தவை; அதனால் ஒன்று கசிந்தாலும் இரண்டுமே கசிவது போலக் காட்டும். எது என்று தெரிய ஸ்பிரிங்கைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என் முதல் டிகோடர் போனது இங்கேதான். எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுச் சோதித்தபோது சத்தம் இல்லை. நிமிர்த்தி வைத்ததும் தகடு சரிந்து சட்டத்தைத் தொட்டிருக்கிறது. ஒரு கீற்றுப் புகை, அவ்வளவுதான். அதனால் கவிழ்த்து ஒரு தடவை, நிமிர்த்தி ஒரு தடவை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு தடவை, மேல் உடம்பை மாட்டியபின் ஒரு தடவை என்று சோதியுங்கள்.

படி 5: ஒயர்கள்

நிறங்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம். ஆரஞ்சு, சாம்பல் இரண்டும் மோட்டார் பிரஷ்களுக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. ஜிண்டியில் விளக்கு இல்லாததால் கடைசி மூன்றின் முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பிரஷ் தகட்டில் நீண்ட நேரம் சூடு வைக்காதீர்கள். டிகோடரை பாய்லருக்குள் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். முழுவதும் சுற்றி மூடினால் சூடு வெளியேறாது.

படி 6: கன்ட்ரோலரும் முதல் ஓட்டமும்

விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை, அதன் மேல் செருகும் மோட்டார் ஷீல்டு என்ற பலகை, 15 வோல்ட் அடாப்டர் இருந்தால் போதும். ஷீல்டின் அடியில் உள்ள 'வின் கனெக்ட்' இணைப்பை வெட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்த வோல்ட் நேராக ஆர்டுயினோவுக்குள் போகும். வைஃபை சேர்த்தால் 'எஞ்சின் டிரைவர்' செயலியில் ஃபோனிலிருந்தே ஓட்டலாம்.

எஞ்சினை முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் வைத்திருக்கும் தனித் துண்டில், வையுங்கள். அங்கே குறைந்த மின்சாரம்தான் வரும். ஒயரிங் தவறு இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு. எண்ணைப் படிக்கச் சொன்னால் புது டிகோடர் 3 என்று பதில் தரும். பதில் வந்தால் மெயின் பாதைக்குக் கொண்டுபோகலாம்.

படி 7: குணத்தைச் செதுக்குதல்

சிவி என்பவை டிகோடருக்குள் இருக்கும் அமைப்பு எண்கள். சிவி 1 எஞ்சினின் எண். சிவி 2 கிளம்பும் வோல்ட். முதல் வேகப் படியிலேயே சக்கரம் மெல்ல நகரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிவி 3 வேகம் எடுக்கும் நிதானம், சிவி 4 நிற்கும் நிதானம். ஜிண்டி நிஜத்தில் யார்டில் பெட்டி தள்ளிய எஞ்சின். எனவே சிவி 5-ஐக் குறைத்து உச்ச வேகத்தைப் பாதியாக்கினேன். சிவி 29-இல் 6 இருந்தால் டிசியிலும் ஓடும். 2 என்று மாற்றினால் டிஜிட்டலில் மட்டும். முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறதா? சிவி 29-இல் இருக்கும் எண்ணோடு 1 கூட்டுங்கள்.

ஐப்பசி இடி நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். ஓட்டி முடித்ததும் சக்கரங்களை ஆல்கஹால் துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் துரு அண்டாது.