கார்பன் ஃபைபர் பெட்ரோல் டேங்க்: வெளியே அழகு, உள்ளே தவறு

கார்பன் ஃபைபரில் பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் செய்திருக்கிறேன் என்று போட்டோ காட்டுபவர்கள் எல்லோரும் வெளிப்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். பின்னல் கோணாமல் வந்திருக்கிறதா, கிளியர் கோட் பளபளக்கிறதா என்று கேட்கிறார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து எடுத்த போட்டோவை இதுவரை ஒருவரும் எனக்கு அனுப்பியதில்லை. பெட்ரோல் இருக்கப்போவது அங்கேதான், டேங்க் கெட்டுப்போவதும் அங்கிருந்துதான்.

என் முதல் டேங்கும் அப்படித்தான் கெட்டது. சேலம் கோரிமேட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றுக்காகச் செய்தேன். கார்பன் துணிக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு, துணியை நனைத்து இறுக வைக்கும் ரெசினுக்கு மட்டும் கதவும் கூரைத் தகடும் செய்யப் பயன்படுத்தும் சாதாரண பாலியெஸ்டரை வாங்கினேன். ஆறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் இழுக்காமல் திணறியது. கார்புரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் பாயும் சின்னத் துளையான ஜெட் முழுக்கத் தேன் நிறத்தில் பிசின். டேங்குக்குள் விரலை விட்டுச் சுரண்டினேன், பதம் தப்பிய வெல்லப்பாகு மாதிரி நகத்தோடு வந்தது. அன்றைக்கு அது ஜெட்டை மட்டும் அடைத்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் தொடைகளுக்கு நடுவே, சூடான சிலிண்டருக்கு மேலே, அந்தச் சுவரே விட்டுக்கொடுத்திருக்கும்.

அதனால் முதல் தவறு ரெசின். சாதாரண பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். கடையில் பொதுவாகக் கிடைக்கும் எப்பாக்ஸியும் போதாது, ஏனென்றால் இப்போது பெட்ரோல் பங்கில் நாம் போடுவது வெறும் பெட்ரோல் இல்லை. 2022 ஜூன் வாக்கில் நாட்டில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு சில பங்குகளில் தொடங்கியது, 2025-க்குள் அதுவே எங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் ரெசினுக்குள் ஊறி அதை மெத்தென்று ஆக்கிவிடும். 1960களின் கடைசியில் வந்த நார்ட்டன் கமாண்டோ வண்டிகளில் சிலவற்றுக்கு ஃபைபர் கிளாஸ் டேங்க்தான், எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு அவற்றை வைத்திருப்பவர்கள் பட்ட பாடு பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரியும். டுகாட்டியின் நைலான் டேங்குகள் எத்தனாலால் உப்பிப்போய் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. பெரிய கம்பெனிகளுக்கே இந்த நிலை என்றால், கொட்டகையில் செய்கிற நாம் இன்னும் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

எரிபொருளுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்திருக்கும் நோவோலாக் வகை (ரசாயனங்களுக்கு அதிகம் தாங்கும் ரகம்) வினைல் எஸ்டர் அல்லது நோவோலாக் எப்பாக்ஸி, இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். வாங்கின கையோடு டேங்க் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். அதே ரெசின், அதே துணி, அதே அடுக்குகளில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று செய்து, முழுதாக இறுகிய பிறகு நகைக்கடைத் தராசு மாதிரி துல்லியமான ஒன்றில் எடை போட்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் பங்கின் பெட்ரோலில் மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் ஊறப்போடுங்கள். குறைந்தது ஒரு மாதம். எடை நன்றாகக் கூடியிருந்தாலோ, நகம் பதிந்தாலோ, பெட்ரோலின் நிறம் மாறியிருந்தாலோ அந்த ரெசின் ஆகாது. இந்த ஒரு மாதம் யாருக்கும் பிடிப்பதில்லை. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதைவிட மலிவான காப்பீடு வேறு கிடையாது.

அடுத்தது, சேலத்து வெயிலை மறந்துவிட்டு ரெசின் கலப்பது. டப்பாவில் போட்டிருக்கும் நேரமெல்லாம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு. ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் 40-ஐத் தாண்டும்போது, அரை மணி நேரம் என்று போட்டிருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்தால் அது தன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். இதற்குப் பயந்து எப்பாக்ஸியில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், அது பெரிய தவறு. எப்பாக்ஸிக்கு அளவு என்றால் அளவுதான், எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், குறைத்தாலும் கூட்டினாலும் ஒரு பகுதி இறுகாமலே நிற்கும், பெட்ரோல் அந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். வினைல் எஸ்டரில் இறுகலைத் தொடங்கி வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், பொதுவாக 1 முதல் 2 சதவீதத்துக்குள், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள்தான். நான் இப்போதெல்லாம் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, நூறு நூறு கிராமாகக் கலந்து, எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: வினைல் எஸ்டர் வேகமாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட்.

ரெசின் இறுகிவிட்டது என்பதும் முழுதாக வெந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. வீட்டுச் சூட்டில் மட்டும் இறுகிய எப்பாக்ஸி பலவும் 50, 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். கறுப்பு டேங்க் மே மாத வெயிலில் ஐந்து ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றாலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், கீழே இன்ஜின் வேறு. பிளைவுட் பெட்டி, சில குண்டு பல்புகள், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் போதும், ரெசினுக்குச் சொன்ன சூட்டை மெதுவாக ஏற்றிச் சில மணி நேரம் வைத்து, மெதுவாகவே ஆற விடலாம். மோல்டில், அதாவது அச்சில், இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் வடிவம் கோணாது.

வினைல் எஸ்டரில் பலருக்கும் தெரியாத இன்னொரு குணம் உண்டு. காற்றுப் படும் மேற்பரப்பு முழுதாக இறுகாது, தொட்டால் பிசுபிசுக்கும். பெண் மோல்டில், அதாவது குழிவான அச்சுக்குள், செய்யும்போது வெளிப்பக்கம் மோல்டை ஒட்டி இருப்பதால் நன்றாக இறுகிவிடும், காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது உள்பக்கம், அதாவது பெட்ரோல் படப்போகும் பக்கம். அதனால் கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசினைப் பூச வேண்டும், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துவிடும். நடு அடுக்குகளில் மெழுகு சேர்த்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது. ரசாயனத் தொட்டி செய்பவர்கள் உள்முகத்தில் டிஷ்யூ போல மெல்லிய கண்ணாடி இழைத்தாள் ஒன்றை வைத்து ரெசினை நிறையக் குடிக்க வைப்பார்கள், திரவத்தைத் தடுப்பது அந்த ரெசின் படலம்தான். நாமும் அப்படியே செய்ய வேண்டும். எடை குறைக்கிறேன் என்று ரெசினைப் பிழிந்தெடுத்துவிட்டால் கார்பன் துணியின் பின்னல் சந்துகளில் ஊசிமுனைத் துளைகள் நிற்கும்.

துணியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாபேட்டைப் பக்கம் தறிக்காரர் யாரையாவது தெரிந்தால் ஒரு துண்டைக் காட்டிப் பாருங்கள், பாவு எது, ஊடை எது, எந்தப் பக்கம் இழுத்தால் கோணும் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். எல்லா அடுக்கையும் ஒரே திசையில் போடாமல், ஒன்றை நேராக, அடுத்ததை 45 டிகிரி சாய்வாகப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி ஒரு அடுக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் வரும், இரண்டடுக்கு போட்டுவிட்டு டேங்க் என்று சொல்லக் கூடாது. நடுவில் எளிதில் கிழியாத செயற்கை இழையான கெவ்லார் துணியில் ஒரு அடுக்கு கட்டாயம் வையுங்கள். வண்டி விழுந்தால் இரும்பு டேங்க் நசுங்கும், கார்பன் உடையும், உடைந்த சில்லுகளைச் சிதறாமல் பிடித்து வைப்பது கெவ்லார்தான். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பஞ்சு மாதிரி எழும்பும், அதனால் ஓரத்துக்கும் மேற்பரப்புக்கும் வராமல் உள்ளே அடக்கிவிடுங்கள்.

அச்சுக்குத் தெர்மாகோல் எடுத்துவிட்டு வினைல் எஸ்டரை ஊற்றியவர்களும் உண்டு. அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் அல்லது பிளாஸ்டர் ஆப் பாரிஸ் போதும்.

இனி, தையல். டேங்க் இரண்டு பாதிகளாகத்தான் வரும், ஒழுகுகிற டேங்குகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அந்தச் சேர்ப்பில்தான் ஒழுகின. விளிம்போடு விளிம்பை முட்ட வைத்து வெளியே பட்டி பூசித் தேய்த்துவிடுவார்கள், பார்க்க ஒரே துண்டு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே துணியே இல்லை, வெறும் பட்டி. ஒரு பாதியின் விளிம்பு மற்றதற்குள் குறைந்தது 25 மில்லிமீட்டர் புகுந்து உட்காரும்படி மோல்டிலேயே படி வைக்க வேண்டும். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து அசிட்டோனில் துடைத்து, ஒட்டிய பிறகு மூடி ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்பக்கமும் துணி நாடா ஒட்டி, அதன் மேல் அதே கண்ணாடி இழைத்தாளும் மெழுகுப் பூச்சும். கை நுழையாத மூலைகள் இருந்தால் வடிவத்தை மாற்றுங்கள், அல்லது சேர்ப்பதற்கு முன்பே அடிப்பாதியில் பெரிய திறப்பு விடுங்கள். பாதி வினைல் எஸ்டர், பாதி எப்பாக்ஸி என்று கலப்பதாக இருந்தால் வரிசை முக்கியம்: இறுகிய வினைல் எஸ்டர் மேல் எப்பாக்ஸி ஒட்டும், எப்பாக்ஸி மேல் வினைல் எஸ்டர் சரியாக இறுகாது. ஆர்டிவி சிலிக்கான் போட்டு அடைக்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் உப்பிக் கழன்றுவிடும்.

மூடி வளையம், பெட்ரோல் டேப் பொருத்தும் தட்டு, இவற்றை அலுமினியத்தில் கடைந்துகொண்டு நேராகக் கார்பனில் ஒட்டுவது இன்னொரு தவறு. செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்ததும், "ஏங் கண்ணு, கார்பனோட அலுமினியம் சேந்தா ஒரு மழைக்கு வெள்ளையா பூத்துரும், எஸ்எஸ்ல போட்டுக்க" என்றார். அவர் சொன்னது சரி. கார்பன் மின்சாரம் கடத்தும், ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி ஒட்டு விட்டுவிடும். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, நடுவில் ஒரு கண்ணாடி இழை அடுக்கும் வையுங்கள். ஆனால் அப்படிப் பிரித்த பிறகு அந்த வளையம் எதோடும் தொடர்பில்லாமல் நிற்கும், பெட்ரோல் ஊற்றும்போது நிலைமின்சாரம் அதில் சேரும். அதனால் வளையத்திலிருந்து சேஸிஸுக்கு ஒரு எர்த் வயர் கட்டாயம். மரை போடுவதும் உலோகத்தில்தான், கார்பனிலேயே மரை போட்டால் இரண்டாம் முறை கழற்றும்போது வந்துவிடும். கசிவைத் தடுக்கும் ஓ ரிங், நைட்ரைல் அல்லது ‘விட்டான்’ ரப்பரில் இருக்கட்டும்.

டேங்குக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதரைச் சின்ன விஷயம் என்று விடுகிறார்கள். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 13 கிலோ பாஸ்கல் குறைகிறது. பிரீதர் அடைத்திருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் டேங்க் சுவரை உள்ளிருந்து தள்ளும், 30-க்கு 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் அது சுமார் 80 கிலோ சுமை. பெட்ரோல் ஆவி தனிக் கணக்கு. இறங்கும்போது இதுவே தலைகீழாகி உள்ளே உறிஞ்சும். தட்டையான பெரிய பக்கங்கள் வைக்காமல் கொஞ்சம் வளைவு கொடுங்கள், உள்ளே ஒரு தடுப்பும் வையுங்கள், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக மோதுவது குறையும்.

சோதிப்பதில் செய்யும் தவறு, தண்ணீர் ஊற்றி ஒழுகவில்லை என்று திருப்திப்படுவது. தண்ணீர் நிற்கும் துளையில் பெட்ரோல் நிற்காது, அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை நேராக மாட்டக் கூடாது, டேங்க் வெடித்துவிடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை யூ வடிவில் தொங்கவிட்டுப் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டேங்கில் பொருத்தி, டேங்குக்குள் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் வந்தால், ஏற்காடு ஏறும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு மணி நேரம் மட்டம் அசையாமல் நிற்க வேண்டும், வெயில் படாத இடத்தில்.

தேய்க்கும்போது முகக்கவசம், கையுறை, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது. கார்பன் தூசி மூச்சுக்கு மட்டுமல்ல, கிரைண்டருக்குள் போனால் ஷார்ட் ஆகும். ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய டேங்கில் மறுபடி கிரைண்டர் வைக்காதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் இந்த டேங்கைக் கேள்வி கேட்பார், அதனால் ரோட்டு வண்டிக்குப் போடுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டிராக் வண்டிக்கென்றே செய்பவர்கள் அங்கே உள்ள தொழில்நுட்பச் சோதனை விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் முதல் நாளே முழு டேங்க் அடிக்காதீர்கள். இரண்டு லிட்டர் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் ஸ்விட்சும் இல்லாத பக்கம் ஒரு ராத்திரி நிறுத்துங்கள், காலையில் தாளில் வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணாடி மாதிரி தெரியும் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, மலை ஏறாமல் அடிவாரம் வரை மட்டும் போய் வாருங்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அந்த ஃபில்டரையும், மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்சுவரையும் பாருங்கள். ஃபில்டரில் தேன் நிறத் துகள் ஒன்று தெரிந்தாலும் பெட்ரோலை இறக்கிவிட்டுப் பழைய இரும்பு டேங்கை மாட்டிவிடுங்கள்.