ஏர் கூலரா, லிக்விட் கூலரா? முதல் முறை பிசி கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக பிசி கட்டுகிறவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசி ஆராய்ந்து எடுப்பார்கள். பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் என்று வந்ததும் "பவர்ஃபுல் பிசி, அதனால் லிக்விட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அழகுக்காக லிக்விட் வாங்கினால் அதில் தப்பே இல்லை, கண்ணாடி வழியாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். லிக்விட் என்பதாலேயே நன்றாகக் குளிரும் என்று நம்பி வாங்குவதில்தான் சிக்கல்.

ஏனென்றால் இரண்டுமே கடைசியில் காற்றைத்தான் நம்பியிருக்கின்றன. ஏர் கூலரின் ஹீட் பைப்புக்குள்ளும் கொஞ்சம் திரவம் இருக்கிறது. சிபியூ (பிராசசர்தான்) பக்கம் அது ஆவியாகி மேலே போய், தகடுகள் இருக்கும் பக்கம் குளிர்ந்து மறுபடி திரவமாகித் திரும்பி வரும், இதற்கு பம்ப் எதுவும் தேவையில்லை. ஏஐஓ எனப்படும் ரெடிமேட் லிக்விட் கூலரில் அதே வேலையை பம்ப் செய்கிறது, திரவம் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே ஃபேன் அடித்து ஆற்றுகிறது. ஆக, வெப்பத்தைக் கொண்டு போய்க் கொட்டும் இடம்தான் வேறு. ஏர் கூலர் கேபினட்டின் நடுவிலேயே கொட்டும், ஏஐஓ கேபினட்டின் ஓரத்தில் கொட்டும். இந்த இரண்டில் எந்தக் கூலராக இருந்தாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே சிபியூவைக் கொண்டு போகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது?

டப்பாவில் டிடிபி (கூலர் ஆற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு, வாட்டில்) என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இன்டெல் கோர் ஐ9-14900கே-க்கு அடிப்படை 125 வாட், ஆனால் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போவில் அது 253 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. சில மதர்போர்டுகளில் அந்த வரம்பு தளர்த்தப்பட்டிருந்தால் 300-ஐயும் தாண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மாட்டும் பிராசசர்களில் பொதுவாக டிடிபியை 1.35 ஆல் பெருக்கினால் சாக்கெட்டுக்குப் போகும் உச்ச மின்சாரம் வரும். ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 170 வாட் டிடிபி, உச்சம் 230. 65 வாட் என்று எழுதியிருப்பது நிஜத்தில் 88.

இன்னொரு பக்கம் ரைசன் 7 7800எக்ஸ்3டி-யைப் பாருங்கள். காகிதத்தில் 120 வாட். கேம் ஓடும்போது பெரும்பாலும் 100-க்குள்ளேயே நின்றுவிடும். கேமிங்குக்கு முதல் வரிசையில் வைக்கப்பட்ட பிராசசர், நடுத்தர ஏர் கூலரே அதைச் சமாளிக்கும். அதற்குப் போய் 360 ரேடியேட்டர் (மூன்று ஃபேன் வைத்த பெரியது) மாட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து.

படி 2: அந்த வாட் எவ்வளவு நேரம் ஓடும்?

பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது, என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். ஒரே எடையுள்ள தாமிரத்தைவிடத் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 11 மடங்கு வெப்பம் வேண்டும். ஏஐஓவுக்குள் இருப்பது பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் லோடு திடீரென ஏறினாலும் முதல் சில நிமிடங்களுக்கு அது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஃபேனும் அலறாது. ஒரு ஃபைலைச் சட்டென்று எக்ஸ்போர்ட் செய்வது, கோடு கம்பைல் செய்வது, இப்படி விட்டு விட்டு வரும் வேலைகளில் லிக்விட் சத்தமில்லாமல் இருக்கிறது என்று ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் இருபது, முப்பது நிமிடம் தொடர்ந்து ரெண்டர் ஓடினால் அந்தத் திரவமும் சூடாகி ஒரு நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் ரேடியேட்டரின் பரப்பும் ஃபேனின் வேகமும்தான் கணக்கு. இரண்டு ஃபேன் வைத்த 240 ரேடியேட்டர் என்றால் அந்த இடத்தில் ஒரு நல்ல இரட்டை டவர் (இரண்டு தகட்டு அடுக்குகள் கொண்ட) ஏர் கூலரோடு ஏறக்குறைய சமமாக நிற்கும், அவ்வளவுதான். தெளிவாக முன்னே போவது 360-உம் 420-உம்.

நீங்கள் செய்யப் போவது கேமா, மணிக்கணக்கில் ஓடும் 3டி ரெண்டரா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கேமில் பெரும்பாலும் எரிவது கிராபிக்ஸ் கார்டுதான். ஆர்டிஎக்ஸ் 4090 மட்டும் தனியாக 450 வாட் எடுக்கும், அந்தச் சூடு மொத்தமும் கேபினட்டுக்குள்ளேதான் இறங்கும். அந்த மாதிரிப் பெட்டியில் முன்பக்கக் காற்றோட்டம் சரியில்லை என்றால் எந்தக் கூலர் மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

படி 3: டேப்பை எடுங்கள்

கேபினட்டின் ஸ்பெக் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: கூலர் உயர வரம்பு, ரேடியேட்டர் எங்கெங்கே எந்த அளவு பொருந்தும் என்பது. நாக்டுவா என்எச்-டி15 உயரம் 165 மி.மீ., தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ. பத்து மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடி மூடுமா மூடாதா என்பது அதில்தான் இருக்கிறது. உயரமான ராம் வைத்திருந்தால் முன்பக்க ஃபேனை மேலே ஏற்ற வேண்டியிருக்கும், அப்போது கூலரின் மொத்த உயரமும் கூடும். இதை யாரும் ஸ்பெக்கில் பெரிதாக எழுதுவதில்லை.

லிக்விட் பக்கம் வேறொரு பொறி. 360 என்பது ரேடியேட்டரின் நீளம் அல்ல, மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கூட்டு நீளம். ரேடியேட்டர் நிஜத்தில் 400 மி.மீ.க்கு நெருக்கமாக இருக்கும். தடிமனும் உண்டு: வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதோடு ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-இன் ரேடியேட்டர் 38 மி.மீ., ஃபேனோடு சேர்த்தால் 63 ஆகிவிடும். மேலே மாட்டினால் மதர்போர்டின் ஹீட் சிங்க்கில் இடிக்கிறதா, முன்னே மாட்டினால் கிராபிக்ஸ் கார்டுக்கு இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: முடிவு

சுமார் 200 வாட்டுக்குக் கீழே, கேபினட்டில் உயரத்துக்கு இடம் இருக்கிறது என்றால் ஏர் கூலர் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான், அதைத் தனியாக வாங்கி மாட்டிவிடலாம். சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சப்ளைப் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும்.

230 வாட்டுக்கு மேல், அதுவும் தொடர்ந்து, அப்படியென்றால் 360 ஏஐஓ. உயரத்துக்கு இடமில்லாத சின்னக் கேபினட் என்றாலும் ஏஐஓ பக்கம் போகலாம். பம்ப் ஒரு நாள் நிற்கும், ரப்பர் குழாய் வழியாகத் திரவம் வருடக்கணக்கில் மிகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இதெல்லாம் அந்தப் பொருளின் இயல்பு. நல்ல மாடல்களுக்கு 5 அல்லது 6 வருட வாரண்டி வருவது வழக்கம், அதைப் பார்த்து எடுங்கள். கசிவு அபூர்வம், ஆனால் நடக்காது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

இடைப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, கூலரைப் பெரிதாக்காமல் வாட்டைக் குறைப்பது. 170 வாட் ரைசனை பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடுக்கு மாற்றி 105 வாட் டிடிபியில் வைத்தால் உச்சம் 142 ஆகிவிடும். கடைசி நூறு வாட்டில் கிடைக்கும் கூடுதல் வேகம் பெரும்பாலும் சொற்பம்தான், கேமில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். கூலருக்குக் காசு போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

படி 5: மாட்டுவது

கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் "புது கூலர், 95 டிகிரி" என்ற புலம்பல்களில் இதுவும் ஒரு காரணம். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு பிராசசரின் நடுவில் வைத்தால் போதும், அழுத்தத்தில் தானே பரவும். திருகுகளை ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், இரண்டு சுற்று இங்கே, இரண்டு சுற்று எதிர் மூலையில் என்று மாறி மாறி இறுக்குங்கள்.

ஏஐஓ என்றால் கூடுதலாக ஒரு விதி. உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது எது உயரமோ அங்கே போய்ச் சேரும், அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக்கூடாது. ரேடியேட்டரை மேல் பக்கம் மாட்டினால் கவலையே இல்லை. முன்பக்கம் என்றால் ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், முடிந்தால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும். சிபியூ மேல் உட்காரும் பிளாக்கில் பம்ப் இருக்கும் மாடலில் ரேடியேட்டரைக் கேபினட்டின் தரையில் மட்டும் போடாதீர்கள். களகளவென்று சத்தம் கேட்டால் காற்று பம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பம்ப் வயரை மதர்போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதியிருக்கும் முனையில் செருகி முழு வேகத்தில் விடுங்கள். சிபியூ ஃபேன் முனை காலியாக இருந்தால் பல மதர்போர்டுகள் ஆன் செய்ததும் எரர் காட்டி நின்றுவிடும், அதனால் ரேடியேட்டர் ஃபேன்களை அங்கே கொடுங்கள்.

படி 6: சோதனை

வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்சை ஓட விடுங்கள். ஏர் கூலர் என்றால் பத்து நிமிடத்தில் எண் ஒரு இடத்தில் நின்றுவிடும். ஏஐஓவை அரை மணி நேரமாவது ஓட்டாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், திரவம் அப்போதுதான் சூடேறி முடித்திருக்கும்.

எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழு லோடில் 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை, எக்ஸ்3டி மாடல்களுக்கு வரம்பு 89. அதன் கணக்கும் வேறு: கோர்கள் இருக்கும் சிலிக்கான் சிப்பின் பரப்பு சுமார் 70 சதுர மி.மீ.தான், அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வெப்பம் வெளியே வருவதே கஷ்டம், அதனால் மேலே எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் ஓரளவுக்கு மேல் குறையாது. வெப்பநிலை வரம்பைத் தொட்டபடி கிளாக் வேகம் (பிராசசர் ஓடும் வேகம்) வழக்கத்தைவிட நன்றாக இறங்குகிறது என்றால் மட்டும் கூலரைக் கழற்றி பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஆன் செய்த ஒரு நிமிடத்துக்குள் பயாஸிலேயே 90-ஐத் தொடுகிறது என்றால் உடனே அணைத்துவிட்டு, பம்ப் வயர், பிளாஸ்டிக் தாள், திருகு, இந்த மூன்றையும் அதே வரிசையில் சரிபாருங்கள்.