ரன் ஓடும்போது இருவரும் ஒரே க்ரீஸில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

ரன்னே எடுக்காமல் டக் அவுட் ஆனால்கூட இரண்டு ஓவரில் மறந்துவிடுவார்கள். பேட்ஸ்மேன்கள் இருவரும் ஒரே க்ரீஸில் (ஸ்டம்புக்கு முன்னால் போட்ட கோட்டுக்குள்) நிற்க, எதிர்முனையில் ஃபீல்டர் நிதானமாக ஸ்டம்ப் மேலிருக்கும் பெயிலைத் தட்டினால், அது சீசன் முழுக்கப் பேச்சாகிவிடும். இது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நடந்தது. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 ரன்னில் சமமாக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் குளூஸ்னர் ஓடிவிட்டார். அவருடைய பார்ட்னர் டொனால்டு பந்தையே பார்த்து நின்றார், பேட்டையும் நழுவவிட்டார். ரன் அவுட், ஆட்டம் டை.

யார் குரல் கொடுப்பது என்பதை க்ரீஸுக்குப் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். பந்து அதை அடித்த ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் போனால் அவர் கூப்பிட வேண்டும். ஃபைன் லெக், தேர்டு மேன் என்று முதுகுக்குப் பின்னால் போனால் எதிர்முனையில் நிற்கும் நான்-ஸ்ட்ரைக்கர். சொற்கள் மூன்று போதும்: "வா", "நோ", "இரு". "வேணாம்" என்று கத்தாதீர்கள். இரைச்சலில் முதல் எழுத்து மட்டும் கேட்டு, "வா" என்று நினைத்துப் பார்ட்னர் பாதி தூரம் வந்திருப்பார். "இரு" சொன்னவர் உடனே மற்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நோ" கேட்டால் வாதமே கூடாது, திரும்பிவிடுங்கள்.

க்ரீஸுக்கும் க்ரீஸுக்கும் 17.68 மீட்டர். கோடையில் மைதானம் காய்ந்து இறுகிக் கிடப்பதால் பந்து ஃபீல்டர் கைக்குச் சீக்கிரம் போய்விடும். ஈரப் புல்லில் கிடைக்கும் சிங்கிள் இங்கே கிடைக்காது. புழுதியில் திரும்பும்போது வழுக்குவதும் அதிகம். கடைசி மூன்று எட்டைச் சின்னதாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, பேட்டைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே தரையில் வைத்துச் சறுக்குங்கள். இரண்டாவது ரன் இருந்தால், உடம்பு பந்தின் பக்கம் திரும்பும்படி பேட்டைக் கை மாற்றிக்கொள்ளுங்கள். பந்துக்கு முதுகு காட்டித் திரும்பினால், த்ரோ எந்த முனைக்குப் போகிறது என்றே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே முனையில் சேர்ந்துவிட்டால் யார் ஓடுவது? இங்கேதான் பலர் பதறித் தப்பு செய்கிறார்கள். முதலில் க்ரீஸுக்குள் இருந்தவருக்குத்தான் அந்த இடம் சொந்தம். பின்னால் வந்து சேர்ந்தவருக்கே ஆபத்து. அதனால் பின்னால் வந்தவர் யோசிக்காமல் எதிர்முனைக்கு ஓட வேண்டும். முதலில் இருந்தவர் பதற்றத்தில் வெளியே வந்தால், உள்ளே நிற்பவருக்கு அந்த இடம் சொந்தமாகிவிடும். அவுட் வெளியே வந்தவர் தலையில் விழும். எதிர்முனையில் இரண்டு பெயில்களும் முன்பே விழுந்திருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். அப்போது ஃபீல்டர் பந்து இருக்கும் கையால் ஸ்டம்பையே பிடுங்க வேண்டும், அல்லது பந்தடித்து ஸ்டம்ப் பெயர வேண்டும். அந்த இரண்டு நொடியில் க்ரீஸைத் தொட்டுவிடலாம்.