டேட்டாபேஸ் சர்வர் வாங்கப் போகிறீர்களா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

பில் போடுவது, இருப்புக் கணக்கு, ஒரே நேரத்தில் இருபது பேர். இந்த அளவு வேலைக்குத்தான் இந்தக் குறிப்பு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ரேம்: அடிக்கடி தொடும் டேபிள்களும் இண்டெக்ஸ்களும் ரேமில் அடங்க வேண்டும். மொத்த டேட்டாவே 20 ஜிபி என்றால் 32 ஜிபி ரேம் தாராளம். ஈசிசி ரேமாக (பிழையைத் தானே கண்டு திருத்தும் ரேம்) வாங்குங்கள், அதில் பேரம் வேண்டாம். ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் ரேம்) நீங்கள் மாற்றாவிட்டால் 128 எம்பியிலேயே கிடக்கும். ரேமில் கால் பங்காக மாற்றிவிடுங்கள்.

2. சிபியு: சின்னச் சின்ன குவெரி ஒவ்வொன்றும் ஒரே கோரில்தான் ஓடும். மெதுவான 32 கோரைவிட வேகமான 8 கோர் மேல்.

3. டிஸ்க்: நான் சறுக்கிய இடம் இதுதான். டெஸ்க்டாப்புக்கான என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை, பெட்டியில் போட்டிருந்த வேகத்தை நம்பி வாங்கினேன். பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் பறந்தது. பில்லைச் சேமித்தால் திணறியது.

காரணம் இது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பது) போஸ்ட்கிரெஸ் முதலில் வாலில் எழுதும் (குரங்கு வால் இல்லை, ரைட் அஹெட் லாக்: மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு). எழுதிவிட்டு எஃப்சிங்க் (டிஸ்க்கில் நிரந்தரமாகப் பதியச் சொல்லும் கட்டளை) கேட்டு, ‘பத்திரமாகப் பதிந்தாயிற்று’ என்று டிஸ்க் சொல்லும்வரை காத்திருக்கும். சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் தன் கேஷை (தற்காலிக நினைவகம்) காலி செய்து ஃபிளாஷில் எழுதிய பிறகே பதில் சொல்லும். சர்வர் எஸ்எஸ்டியில் கேபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்க அவற்றில் சேமித்திருக்கும் மின்சாரம் போதும் என்பதால் உடனே பதில் சொல்லிவிடும். விவரத்தாளில் ‘பவர் லாஸ் புரொடெக்ஷன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற கருவியை ஓட்டினேன். பழைய டிஸ்க்கில் நொடிக்குச் சில நூறு எஃப்சிங்க்தான். மாற்றிய பிறகு பல ஆயிரம். ‘எஃப்சிங்க்கையே அணைத்துவிடலாமே’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மின்வெட்டில் டேட்டாபேஸே கெட்டுப்போகும்.

4. ரெய்டு: இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா), அதை அமைக்க லினக்ஸின் எம்டிஆட்ம் (mdadm) கருவி. தனி ரெய்டு கார்டு எனக்குப் பிடிக்காது, கார்டு செத்தால் அதே மாதிரி கார்டைத் தேடி அலைய வேண்டும். ரெய்டு 5 (டேட்டாவையும் அதை மீட்க உதவும் சரிபார்ப்புத் தகவலையும் பல டிஸ்க்கில் பரப்பும் முறை) வேண்டாம். சின்னதாக எதையாவது எழுதவே இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுதும். அப்புறம், பேக்கப் தனி. டேபிளைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

பின்சேர்க்கை: பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் சோதனையில் நம்பவே முடியாத வேகம் வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் அதை டெம்ப் ஃபோல்டரில் ஓட்டியிருக்கிறார், அவருடைய லினக்ஸில் அது ரேமில் இருக்கிறது! வால் இருக்கப்போகும் அதே டிஸ்க்கில் ஓட்டுங்கள்.