புறா ஆர்க்கிட்டும் மண்வாசனைப் பாக்டீரியாவும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், காய்ந்த தரையில் மழை விழுந்ததும் மண்வாசனை கிளம்பும். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தால் சாலையோர மரங்களில் புறா ஆர்க்கிட் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். இந்த ஆர்க்கிட்டையும் மண்வாசனை தரும் பாக்டீரியாவையும் ஒப்பிடும் திட்டப்பணியில், இரண்டையும் செய்வது மழைநீர்தான் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அதுதான்.

ஆர்க்கிட்டை எழுப்புவது நீரல்ல, திடீர்க் குளிர்ச்சி. அதன் மொட்டுகள் முன்பே உருவாகி உறங்கிக் கிடக்கும். மழையோடு வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் சட்டென்று இறங்கினால் மீண்டும் வளரத் தொடங்கும். வட்டாரம் முழுக்க ஒரே நாளில் பூப்பது அதனால்தான். வாசனை விஷயம் வேறு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்கிய ஜியோஸ்மின் என்ற மணப்பொருள் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. மழைத்துளி அதைக் காற்றில் தெறிக்கவிடுகிறது, அவ்வளவே.

நாள் கணக்கிலும் கோட்டை விடுவார்கள். மழை பெய்த தேதியைக் குறித்துவைத்து, எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை தினமும் காலையில் போய்ப் பாருங்கள். பூ ஒரு நாள்தான் நிற்கும். சனிக்கிழமைக்கென்று தள்ளிப்போட்டால் வாடிய இதழ்தான் மிஞ்சும். மண்ணைச் சோதிக்க, நன்றாகக் காய்ந்த மண்ணில் சில துளி நீர் தெளித்தால் போதும். ஊறிய சேற்றில் அந்த மணம் அவ்வளவாக எழாது.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் இழை இழையாய் வளர்வதாலும், பெயரில் பூஞ்சையைக் குறிக்கும் ‘மைசிஸ்’ இருப்பதாலும் அதைப் பூஞ்சை என்பார்கள். உட்கரு இல்லாத பாக்டீரியா அது. இங்கே குழம்பினால் அடுத்ததும் தப்பும்: ஆர்க்கிட் விதைக்குச் சேமித்த உணவு கிடையாது, இயற்கையில் முளைக்கும்போது அதை ஊட்டி வளர்ப்பது உண்மையான பூஞ்சை. பாக்டீரியா பரவ உதவும் நுண்துகளான வித்துக்கு (spore) அப்படித் துணை வேண்டாம். ஈரமும் உணவும் கிடைத்தால் முளைத்துவிடும். இரண்டும் தூசி போலிருந்தாலும் விதை கருவுற்றுப் பிறந்தது, வித்து தாயின் நகல்.

‘புறா ஆர்க்கிட்’ ஒரு சிற்றினம். ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் அடங்கிய பேரினம். அட்டவணையில் இரண்டையும் நேர்க்கு நேர் வைக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2002-இல் வெளியான அதன் மரபணுத்தொகுதியில் சுமார் 7,800 மரபணுக்கள் உள்ளன.

இன்னொன்று: மரத்தில் ஒட்டியிருப்பதால் ஆர்க்கிட்டை ஒட்டுண்ணி என்று எழுதாதீர்கள். அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தோட்டமண்ணில் புதைத்தால், காற்றில் வாழ்ந்த வேர் மூச்சுமுட்டி அழுகும். கரித்துண்டிலோ மரக்கட்டையிலோ கட்டிவிடுங்கள்.