கொல்லிமலை ஆகாய கங்கை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் திட்டம்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பலரும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் ஆளைக் களைக்க வைப்பது ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிக்கட்டுகள்தான். அதனால் அன்றைய நேரத்தைப் படிக்கட்டை வைத்தே கணக்குப் போடுங்கள்.

1. நாமக்கல்லில் காலை 6 மணிக்கு வண்டியை எடுங்கள். சேந்தமங்கலம் வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு முக்கால் மணி நேரம். பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். வாந்தி வருமென்று தெரிந்தவர்கள் மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். பத்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை.

2. ஒவ்வொரு வளைவிலும் '23/70' என்ற மாதிரி எண் பலகை இருக்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து விடுங்கள். பாதித் திருப்பத்தில் கியர் மாற்றினால் வண்டி திணறி நின்றுவிடும், பின்னால் பஸ் வந்தால் சிக்கல். மேலேறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இத்தனை வளைவு வேண்டாம் என்பவர்களுக்கு முள்ளுக்குறிச்சிப் பாதை உண்டு. சுற்று, ஆனால் சாது.

3. மலைமேல் உள்ள ஊரான செம்மேட்டில் டிபன். இட்லி இரண்டோடு நிறுத்துங்கள், படி இறங்க வேண்டும். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அரை மணிப் பயணம். படிகள் கோயில் பக்கத்தில்தான் தொடங்குகின்றன.

4. இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றேகால் மணி வையுங்கள். படிகளின் உயரம் ஒரே சீராக இருக்காது. சில இடங்களில் முழங்கால் வரை காலைத் தூக்க வேண்டும். இறங்கும்போது தொடை நடுங்க ஆரம்பித்தால் பக்கவாட்டாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து இறங்குங்கள். பாதியிலேயே நடுங்குகிறதா? திரும்பிவிடுங்கள், ஏறுவதற்கும் அதே கால்தான். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். கையில் தொங்கும் பாலித்தீன் பை குரங்குக்கு அழைப்பிதழ். முதுகுப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள்.

5. ஆகாய கங்கையில் அய்யாறு என்ற ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நேர் கீழே நிற்க வேண்டாம், தண்ணீரோடு கல்லும் வரும். பாசி பிடித்த பச்சைப் பாறையில் கால் வைக்காமல் சொரசொரப்பான பாறையில் நில்லுங்கள். நீர் திடீரெனக் கலங்கினால் மேலே மழை என்று அர்த்தம், உடனே வெளியேறுங்கள். கனமழை நாட்களில் வனத்துறை அனுமதிப்பதில்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரை, மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்துப் போவது நல்லது. கோடையில் நூலாகத்தான் விழும்.

6. மேலே ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடியுங்கள். ஆட்டுக்கால் போல ரோமம் மூடிய கிழங்கு. பழுப்புத் தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். வலி போகுமா என்பது அவரவர் நம்பிக்கை, சூடு இதம்.

7. மாலை 4 மணிக்குள் செம்மேட்டை விட்டுக் கிளம்புங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரல் கூடவே கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் அதிக ஆபத்து: ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு மெதுவாகப் போனால் கிளட்ச் விடுபட்டு, முழு பாரமும் பிரேக்கில் விழும். இடையிடையே ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கினால் கிளட்ச் மீண்டும் பிடிக்கும். கருகல் வாடை வந்தாலோ பிரேக் மெத்தென்று உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும்.